ஓடுவோரும் உட்கார்ந்திருப்போரும்

அரபும் தமிழும் கற்பிக்கும் ஆசிரியனுக்கு விளையாட்டு மைதானத்தில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். வேலை உண்டு. மதுரைக்குக் கிழக்கே, வைகைக் கரையை ஒட்டிய ஒரு பள்ளியில் ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். மதரஸாவில் ஓதிய நாளில் எழுத்துப் பழகியதன் பயனாகக் கையெழுத்துச் சற்று அழகாக வாய்த்தது. அதனால், ஆண்டு விளையாட்டு விழாவன்று பரிசுச் சான்றிதழ்களில் பெயர் எழுதும் பொறுப்பு என் தலையில் வந்து விழுந்தது. பந்தல் நிழலில் மேசை போட்டு உட்கார்ந்து, நடுவர்கள் அனுப்பும் சீட்டைப் பார்த்துப் பெயர்களை எழுதிக்கொண்டே இருப்பேன்.

அப்படி எழுதும்போது ஆண்டுதோறும் ஒன்றைக் கவனித்து வந்திருக்கிறேன். நூறு மீட்டர் ஓட்டத்துக்கு எழுதிய பெயரையே இருநூறு மீட்டருக்கும் எழுதுவேன். நீளம் தாண்டுதலிலும் அதே பெயர். தொடர் ஓட்டத்திலும் அதே பெயர். ஒரே பிள்ளைக்கு ஐந்து சான்றிதழ் எழுதிய ஆண்டுகளும் உண்டு. மைதானத்தைச் சுற்றி வெயிலில் வரிசையாக உட்கார்ந்து கைதட்டும் நூற்றுக்கணக்கான பிள்ளைகளில் பெரும்பாலோரின் பெயர், ஆறாம் வகுப்பில் சேர்ந்த நாள் முதல் பள்ளியை விட்டுப் போகும் நாள் வரை என் பேனாவை ஒரு முறைகூடத் தொடுவதில்லை.

பள்ளி விளையாட்டில் போட்டி வேண்டுமா, வேண்டாமா என்று கற்றறிந்தோர் வாதிடுவதைக் கேட்டிருக்கிறேன். போட்டி பிள்ளைகளின் மனத்தில் பொறாமையை வளர்க்கிறது, எனவே அதை ஒழித்துவிட்டு உடற்பயிற்சி மட்டும் செய்யச் சொல்லலாம் என்பார் ஒரு சாரார். உலகமே போட்டிதான், இளமையிலேயே பழகட்டும் என்பார் மற்றொரு சாரார். அந்த மேசையின் பின்னால் உட்கார்ந்து பார்த்தவனுக்கு இரண்டுமே குறைபட்ட வாதங்களாகத் தோன்றுகின்றன. போட்டி இருக்கிறதா என்று கேட்பதைவிட, அது யாருக்கு இருக்கிறது என்று கேட்பதே பயனுள்ளது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். ஸர்ஃபு இலக்கணம் படிக்கும் மதரஸா மாணவன் 'முஃபாஅலா' என்னும் வாய்பாட்டை மனப்பாடம் செய்வான். ஒரு செயலை இருவர் ஒருவரோடு ஒருவர் சேர்ந்து செய்வதைக் குறிக்க அந்த வாய்பாடு பெரிதும் பயன்படும். 'ஸபக' என்றால் முந்தினான். அதே வேரிலிருந்து பிறந்த 'முஸாபகா' என்றால் ஒருவரையொருவர் முந்த முயலுதல், அதாவது பந்தயம். உடன் ஓட ஒருவன் இல்லையேல் அந்தச் சொல்லுக்குப் பொருளே இல்லை. எதிரில் நிற்பவன் பகைவனல்லன், என் ஓட்டத்தை ஓட்டமாக ஆக்குகிற துணைவன் என்பதை அரபு இலக்கணமே சொல்லிவிடுகிறது.

தமிழ் இலக்கணத்திலும் இதற்கு இணையான ஒரு நுட்பம் உண்டு. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில், உவகை பிறக்கும் இடங்கள் நான்கினை எண்ணும்போது விளையாட்டை அவற்றுள் ஒன்றாக வைக்கிறார். பெருமிதம் பிறக்கும் இடங்களாக அவர் எண்ணுபவை கல்வி, தறுகண், இசைமை, கொடை ஆகியவை. விளையாட்டு அந்தப் பட்டியலில் இல்லை. விளையாட்டின் விளைவு மகிழ்ச்சியாக இருக்கவேண்டும் என்பதே ஆசிரியர் கருத்துப் போலும். நமது பள்ளிகளிலோ விளையாட்டு பெருமிதத்தின் பக்கம் முழுவதுமாகச் சாய்ந்துவிட்டது. கோப்பை எத்தனை, கேடயம் எத்தனை என்பதே தலைமையாசிரியர் அறைக் கண்ணாடி அலமாரியின் கணக்கு.

இதனால் போட்டி தீயது என்று முடிவு கட்டிவிடலாகாது. நம் மாநிலத்தில் பள்ளி விளையாட்டுப் போட்டிகள் குறுவட்டத்தில் தொடங்கி, மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக ஏறும். 14 வயதுக்குட்பட்டோர், 17 வயதுக்குட்பட்டோர், 19 வயதுக்குட்பட்டோர் என்று பிரித்து நடத்துவார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இந்த ஏணி எத்தகையது என்பதை நம் மதுரை மண்ணே காட்டியிருக்கிறது.

மதுரையை அடுத்த சக்கிமங்கலத்தில் பிறந்தவர் ரேவதி வீரமணி. சிறு வயதிலேயே தந்தையையும் தாயையும் இழந்தவர். பாட்டி ஆரம்மாள் கூலி வேலை செய்து பேத்திகளை வளர்த்தார். பெண் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பு என்று ஊரார் சொன்னபோதும் அந்த மூதாட்டி இணங்கவில்லை, படிக்கவே வைத்தார். காலுக்குச் சப்பாத்து வாங்க வசதியின்றித் தொடக்க நாட்களில் வெறுங்காலோடு ஓடியவர் ரேவதி. பள்ளிப் பருவத்தில் ஒரு போட்டியில் அவர் ஓடியதைக் கண்ட பயிற்சியாளர் கண்ணன், பாட்டியிடம் பேசி இணங்கவைத்து, மதுரை லேடி டோக் கல்லூரியில் இடம் கிடைக்கவும் வழிசெய்தார். 2021ஆம் ஆண்டு டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக்கில், 4x400 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடிய நால்வரில் அவர் ஒருவர். அந்த நால்வரில் ரேவதி, சுபா வெங்கடேசன், ஆரோக்ய ராஜீவ் ஆகிய மூவர் தமிழ்நாட்டவர். நான்காமவர் கேரளத்தின் முகம்மது அனஸ். அணி இறுதிச் சுற்றுக்குத் தகுதி பெறவில்லை. ஆயினும், பள்ளிப் போட்டி என்ற ஒன்று இல்லாதிருந்தால் சக்கிமங்கலத்துப் பிள்ளையின் கால்களில் இருந்த வேகத்தை யார் கண்டிருப்பார்கள்?

மற்றொரு மதுரைப் பெண் ஜெர்லின் அனிகா. பிறவியிலேயே செவித்திறன் இல்லாதவர். மாநகராட்சிப் பள்ளியில் பயின்றவர். 2022ஆம் ஆண்டு மே மாதம் பிரேசில் நாட்டில் நடைபெற்ற, செவித்திறன் குறைந்தோருக்கான ஒலிம்பிக்கில் இறகுப்பந்தாட்டத்தில் மூன்று தங்கப் பதக்கங்கள் பெற்றார். பின்னர் அர்ஜுனா விருதும் அவருக்கு வழங்கப்பட்டது. செவித்திறன் இல்லாதவர்களுக்கென்று தனியே ஒரு களம் அமைத்து, நிகரானவரை நிகரானவரோடு மோதவிட்டதனால் அன்றோ அவர் திறமை உலகுக்குத் தெரிந்தது! இந்தச் செய்தியில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. அதைக் கூறுமுன், ஏணியின் அடியிலேயே நின்றுவிட்ட ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்லவேண்டும்.

சில ஆண்டுகளுக்கு அல்ல, பல ஆண்டுகளுக்கு முன் நடந்தது. எட்டாம் வகுப்பில் படித்த சிறுவன் ஒருவனை அவனுடைய நன்னி என் வீட்டுக்கு அழைத்து வந்தார். "ஹஜ்ரத், வாராவாரம் வியாழக்கிழமை வந்தா இவனுக்குக் காய்ச்சல் வந்துடுது. ஏதோ பார்வை பட்டிருக்கு. கொஞ்சம் ஓதிப் பாருங்க" என்றார். துஆ ஓதினேன். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், குளிர்ந்தே இருந்தது. மறுநாள் பள்ளிக்குச் சென்றதும் எட்டாம் வகுப்பின் பாட அட்டவணையைப் பார்த்தேன். வியாழக்கிழமை கடைசி இரண்டு பாடவேளையும் விளையாட்டு!

சிறுவனைத் தனியே அழைத்துக் கேட்டேன். கொஞ்சம் பருத்த உடம்பு அவனுக்கு. "ஓடினா எல்லாரும் சிரிக்கிறாங்க உஸ்தாது. ரெண்டு டீம் பிரிக்கும்போது என்னை யாரும் எடுக்க மாட்டாங்க. செருப்பைப் பாத்துக்கடான்னு உக்கார வச்சிடுவாங்க" என்றான்.

எனக்குச் சூரா யூசுஃப் நினைவுக்கு வந்தது. யூசுஃப் (அலை) அவர்களைக் கிணற்றில் தள்ளிவிட்டுத் திரும்பிய அண்ணன்மார் தந்தையிடம் சொன்ன பொய் என்ன? நாங்கள் பந்தயம் ஓடப் போனோம். தம்பியைச் சாமான்களுக்குக் காவலாக விட்டுச் சென்றோம். ஓநாய் தின்றுவிட்டது என்பதாகும். பொய்க்கதைதான். ஆனால் கேட்போர் நம்பத் தகுந்த கதையாக அவர்கள் தேர்ந்தெடுத்தது எதை என்று பாருங்கள். வல்லவர்கள் ஓடப் போவார்கள். இளையவன் மூட்டைக்குக் காவல் இருப்பான். அன்று முதல் இன்று வரை மைதானத்தின் வழக்கம் மாறவில்லை.

அப்போது எங்கள் பள்ளியில் இருந்த உடற்கல்வி ஆசிரியர் நல்ல மனிதர். நான் சொன்னதைக் கேட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஹஜ்ரத், குறுவட்டத்துல கோப்பை வாங்கலைன்னா என்னைக் கேப்பாங்க, செருப்புக்குக் காவல் இருக்கிறவனைப் பத்தி என்னை யாரும் கேட்டதே இல்லை" என்றார். அவர் கூறியது உண்மை. உடற்கல்வி ஆசிரியரின் உழைப்பை நாம் அளக்கும் கோல் அதுவாகத்தான் இருக்கிறது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு என்றால் அந்தப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியருக்குக் கொடுத்துவிடுவதும் நமக்குப் பழகிப்போன செயல்.

ஆயினும் அந்த மாதமே அவர் ஒரு புதிய வழியைத் தொடங்கினார். வேப்பமரத்திலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை ஓடித் திரும்பவேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆன நேரத்தை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டார். அடுத்த மாதம் மீண்டும் ஓடவைத்தார். யார் முதலில் வந்தார் என்பதைப் பார்க்கவில்லை. தன் பழைய நேரத்தை யார் அதிகமாகக் குறைத்தார் என்பதைப் பார்த்தார். அந்தப் பெயர்களைக் காலை வணக்கக் கூட்டத்தில் படித்தார். வேகமாக ஓடுகிறவனுக்கு ஒரு விநாடி குறைப்பதே பெரும்பாடு; மெதுவாக ஓடுகிறவனுக்கோ குறைப்பதற்கு நிறைய இடம் இருந்தது! நம் சிறுவனின் பெயர் மூன்றாம் மாதம் படிக்கப்பட்டது. வியாழக்கிழமைக் காய்ச்சல் அத்துடன் நின்றது. பள்ளியை விட்டுப் போகும்வரை அவன் எந்தப் பந்தயத்திலும் முதல் மூன்று இடங்களுக்குள் வந்ததில்லை. இன்று அவருக்கு முப்பதைத் தாண்டிய வயது, ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். ஃபஜ்ர் தொழுதுவிட்டு வண்டியூர்த் தெப்பக்குளத்தைச் சுற்றி நடப்பதை வழக்கமாகக் கொண்டிருக்கிறார். நாற்பதில் சர்க்கரை, ஐம்பதில் இதயநோய் என்று வருந்தும் நம் குடும்பங்களுக்கு, உடற்கல்வியின் மெய்யான பரிசு எது என்று விளக்கவும் வேண்டுமோ?

அந்த ஆசிரியர் அரபு படித்தவரல்லர். ஆனால் அவர் செய்தது நம் முன்னோர் எழுதிவைத்த ஒரு விதிக்கு முற்றிலும் பொருந்தியது. ஃபிக்ஹு நூல்களில் பந்தயத்துக்கென்றே ஒரு பாடம் உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் 'மின்ஹாஜ்' என்னும் நூலில் குதிரைப் பந்தயத்துக்குரிய நிபந்தனைகளை எடுத்துரைக்கிறார்கள். புறப்படும் இடமும் சேரும் இடமும் தெரிந்திருக்க வேண்டும். இருவருக்கும் அவை சமமாக இருக்க வேண்டும். இவற்றோடு மற்றொரு நிபந்தனையையும் சேர்க்கிறார்கள்: ஒவ்வொருவரும் முந்துவதற்கு இயலக்கூடியதாக இருக்க வேண்டும். ஒருவன் தோற்பது முன்கூட்டியே உறுதி என்றால் அது பந்தயமே ஆகாது. சட்ட நூலின் வறண்ட ஒரு வரியில் எத்தனை கருணை அடங்கியிருக்கிறது!

இந்த விதிக்கு முன்மாதிரி பெருமானார் (ஸல்) அவர்கள் காலத்திலேயே உண்டு. பயிற்சி கொடுத்து உடல் இறுக்கிய குதிரைகளுக்கு அவர்கள் ஐந்தாறு மைல் தொலைவை நிர்ணயித்தார்கள். பயிற்சி பெறாத குதிரைகளுக்கு ஒரு மைல் அளவே வைத்தார்கள். இரண்டையும் ஒரே கோட்டில் நிறுத்தவில்லை. இளைஞரான இப்னு உமர் (ரலி) அவர்களும் அந்தப் பந்தயத்தில் கலந்துகொண்டதாக ஸஹீஹுல் புகாரீயில் காண்கிறோம். குதிரைக்குக் காட்டிய இந்த நியாயத்தைக் குழந்தைக்குக் காட்ட நமக்கு என்ன தடை?

அதே நூலில் உள்ள மற்றொரு செய்தி, ஆசிரியர் ஒவ்வொருவரும் நெஞ்சில் பொறித்துக்கொள்ளத் தக்கது. அஸ்லம் குலத்தார் இரண்டு அணியாகப் பிரிந்து அம்பெய்து விளையாடிக்கொண்டிருந்தனர். அவ்வழியே வந்த நாயகம் (ஸல்) அவர்கள் ஊக்கமூட்டிவிட்டு, தாம் ஓர் அணியின் பக்கம் இருப்பதாகக் கூறினார்கள். உடனே மறு அணியினர் கையை நிறுத்திவிட்டனர். காரணம் கேட்டபோது, தாங்கள் அவர்கள் பக்கம் இருக்கையில் நாங்கள் எப்படி எய்வோம் என்றனர். எய்யுங்கள், உங்கள் அனைவரோடும் நான் இருக்கிறேன் என்றார்கள் அண்ணலார். ஆசிரியர் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் மறுபக்கத்துப் பிள்ளையின் கை தளர்ந்துவிடும் என்பதை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

இனிப் பெண் பிள்ளைகளைப் பற்றிச் சில சொற்கள். உட்கார்ந்திருப்போர் வரிசையில் நம் சமுதாயப் பெண் குழந்தைகளே மிகுதி என்பதை மறைத்துப் பயனில்லை. ஐந்தாம் வகுப்பு வரை ஆண் பிள்ளைகளுக்கு நிகராக ஓடிய குழந்தை, ஏழாம் வகுப்பில் வயிற்றுவலி என்று எழுதிய கடிதத்தோடு வந்து நிற்கும்.

இருபது ஆண்டுகளுக்கு முன், வளையப்பந்து விளையாட்டில் கை தேர்ந்த ஒரு மாணவி எங்கள் பள்ளியில் இருந்தாள். வீட்டில் நிறுத்திவிட்டார்கள். அவளுடைய அத்தா என்னிடம் மரியாதை உள்ளவர். ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் பேசினோம். "புள்ளை வளர்ந்துடுச்சு ஹஜ்ரத். நாலு பேர் பாக்க மைதானத்துல குதிக்கிறது நமக்குச் சரிவருமா? நீங்களே இதைச் சொல்றீங்களே!" என்றார். மனத்தை உறுத்துவது எது என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள் என்றேன். உடை என்றார்; முழுக்கால் சட்டையும் முக்காடும் அணிந்து விளையாட ஏற்பாடு செய்யலாம் என்றேன். ஆண்கள் பார்வை என்றார். பெண்களுக்குரிய மைதானமும் பெண் ஆசிரியையும் உண்டு என்றேன். வெளியூர்ப் பயணம் என்றார். அவரையே உடன் போய்வருமாறு வேண்டினேன். முதலிரண்டுக்கு இணங்கினார்; மூன்றாவதற்கு இணங்கவில்லை. அந்தப் பெண் மதுரையில் நடந்த மாவட்டப் போட்டி வரை ஆடினாள், வென்றாள். மாநிலப் போட்டி வேறோர் ஊரில் நடந்தது. அவள் இடத்தில் வேறொருத்தி போனாள்.

அந்தத் தந்தையை நான் குறை கூறமாட்டேன். மகளின் பாதுகாப்பைப் பற்றிய அச்சம் அன்பிலிருந்து பிறப்பது. ஆயினும் நம் அச்சங்களில் எவை மார்க்கத்தைச் சேர்ந்தவை, எவை வழக்கத்தைச் சேர்ந்தவை என்று பிரித்துப் பார்ப்பது கடமை. பயணம் ஒன்றில் மற்றவர்களை முன்னே போகச் சொல்லிவிட்டு, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு நாயகம் (ஸல்) அவர்கள் ஓட்டப் பந்தயம் ஓடினார்கள். அன்னையார் வென்றார்கள். காலம் கடந்து மீண்டும் ஒரு முறை ஓடியபோது நாயகமவர்கள் வென்று, அன்றைக்கு இது ஈடாயிற்று என்று சிரித்தார்கள். ஓடத் தகுந்த தனிமையும் இருந்தது, ஓட்டமும் இருந்தது, தோற்றவர் முகத்தில் சிரிப்பும் இருந்தது. இன்று உலகமும் வழிவிட்டிருக்கிறது. முக்காடு அணிந்து ஆடுவதை உலகக் கால்பந்துச் சங்கம் 2014ஆம் ஆண்டிலும், உலகக் கூடைப்பந்துச் சங்கம் 2017ஆம் ஆண்டிலும் ஏற்றுக்கொண்டன. மாணவிக்கு மைதானம் வேண்டாம் என்று சொல்ல உடை இனி ஒரு காரணமாகாது.

அந்த வளையப்பந்து மாணவி இப்போது ஒரு பெண் குழந்தைக்குத் தாய். சென்ற ஆண்டு மகளைச் சேர்க்க வந்தபோது, அலுவலகத்தில் அவள் கேட்ட முதல் கேள்வி, "விளையாட்டு வகுப்பு ஒழுங்கா நடக்குதா உஸ்தாது?" என்பதுதான்.

தோல்வியைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். நாயகம் (ஸல்) அவர்களுக்கு 'அள்பா' என்னும் ஒட்டகம் இருந்தது. அதை எதுவும் முந்தியதில்லை. ஒரு நாள் கிராமத்து அரபி ஒருவர் தம் இளம் ஒட்டகத்தில் வந்து முந்திவிட்டார். தோழர்களுக்கு அது மிகுந்த வருத்தத்தைத் தந்தது. உலகில் உயர்ந்த எதையும் இறைவன் ஒரு நாள் தாழ்த்தாமல் விடுவதில்லை என்று கூறி நாயகமவர்கள் அதை இயல்பாக ஏற்றார்கள். இளமையில் ஒரு சாதாரணப் பந்தயத்தில் தோற்று, வென்றவன் கையைக் குலுக்கிவிட்டு, மறுநாள் மீண்டும் ஓட வந்த பிள்ளைக்குத் தேர்வுத் தோல்வியும் வணிக நட்டமும் உலகத்தின் முடிவாகத் தோன்றா. இந்தப் பயிற்சியை வேறு எந்தப் பாடமும் இவ்வளவு மலிவாகத் தராது. போட்டியை முற்றிலும் ஒழிக்கச் சொல்வோருக்கு என் மறுமொழி இதுவே.

ஆகவே பள்ளி நிர்வாகிகளுக்கும் ஆசிரியர்களுக்கும் சில வேண்டுகோள்கள். குறுவட்டப் போட்டிக்குத் திறமையானவர்களைத் தேர்ந்தெடுங்கள். அவர்களுக்குத் தனிப் பயிற்சியும் கொடுங்கள். இன்னொரு ரேவதி அங்கிருந்துதான் வரவேண்டும். ஆனால் பள்ளிக்குள் நடக்கும் ஆண்டு விழா வேறு. அங்கே ஒரு பிள்ளைக்கு இரண்டு போட்டிகளுக்கு மேல் வேண்டாம். ஒரு போட்டியும் இல்லாத பிள்ளையும் வேண்டாம். நிகரானவரோடு நிகரானவரை ஓடவிடுங்கள். தன் பழைய நேரத்தைக் குறைத்தவனுக்கும் ஒரு சான்றிதழ் கொடுங்கள். எழுதிக் கொடுக்க நான் தயார். விளையாட்டுப் பாடவேளையை வேறு பாடத்துக்குக் கடன் கொடுக்காதீர்கள். உடற்கல்வி ஆசிரியரிடம் எத்தனை கோப்பை என்று கேட்பதோடு, எத்தனை பிள்ளைகள் ஓடினார்கள் என்றும் கேளுங்கள்.

பெற்றோருக்கு ஒரே ஒரு வேண்டுகோள். விளையாட்டு விழா முடிந்து பிள்ளை வீடு திரும்பும்போது, என்ன பரிசு வாங்கினாய் என்று கேட்பது நம் வழக்கம். அதற்கு முன், நீ எதில் ஓடினாய் என்று கேளுங்கள். எதிலும் ஓடவில்லை, உட்கார்ந்திருந்தேன் என்று பதில் வந்தால், பிள்ளையைக் கடிந்துகொள்ள வேண்டாம். மறுநாள் பள்ளிக்கு வந்து எங்களைக் கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. பதில் சொல்ல நாங்கள் கடமைப்பட்டவர்கள்.